மணல்திட்டில் நட்ட கம்புகள்

மூன்று வாரத்துக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயிலில் நின்று ஏச்சு வாங்கினேன். இந்த வயதில்... அதுவும் முட்டைக்காக!

தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலுக்குப் பறவை பார்க்கப் போயிருந்தோம் — நானும் நண்பர் தேவசகாயமும். அவர் பாளையங்கோட்டையில் கணக்கு வாத்தியார். சேரன்மகாதேவி வயலில் கொக்கு பார்த்துப் பழகிய ஆட்கள் நாங்கள். முகத்துவாரம் புதிது.

தண்ணீர் வற்றி மணல்திட்டு தெரிந்தது. கால் வைத்ததுதான் தாமதம், ஆலா என்ற கடற்பறவை ஒன்று பாய்ந்து வந்து என் தலையைக் கொத்தப் பார்த்தது. ஏன் இந்தக் கோபம்? குனிந்தால், வெறும் மணல் குழியில் மூன்று முட்டை. மணலின் நிறம். பக்கத்துப் பக்கத்தில் இப்படி ஆறு குழி!

யாராவது மிதித்துவிட்டால்? வாத்தியார் குழிக்கு ஒரு கம்பு நட்டார். தன் துண்டைக் கிழித்து நுனியில் கட்டினார்.

"இனி ஒரு பய மிதிக்க மாட்டான் வே!"

அரை மணி நேரத்தில் சவரிமுத்து வந்தார். படகுக்காரர். ஞாயிறு அவர்கள் கடலுக்குப் போவதில்லை. மாதா கோயில் பூசை முடிந்ததும் வலையை விரித்துச் சிக்கெடுப்பார்கள். பின்னால் மூன்று பேர் வலையைச் சுமந்து வந்தார்கள்.

"எவம்லே எங்க இடத்துல கம்பு நட்டது?"

அந்தக் கரையில் கம்பு நட்டுத் துணி கட்டினால், 'இது என் வலைக்கான இடம், வேறு யாரும் வராதே' என்று அர்த்தமாம். நாங்களோ ஆறு இடம் பிடித்து வைத்திருக்கிறோம்!

"படகு உண்டா? வலை உண்டா? பின்ன எதுக்குவே கம்பு?" இரண்டைப் பிடுங்கி எறிந்தார்.

"அண்ணாச்சி... முட்டை கெடக்கு, பைய!" வாத்தியார் கெஞ்சினார்.

"உம்ம பேரென்ன?"

"தேவசகாயம்."

"நல்ல பேரு! ஞாயித்துக்கெழமை கோயிலுக்குப் போவாம குருவி முட்டைக்குக் காவலாக்கும்?"

சொல்லிக்கொண்டே குனிந்தவர் அப்படியே நின்றார். அவர் கால் கட்டைவிரலுக்கு அருகில் மூன்று முட்டை.

"அண்ணாச்சி, தோளு கழலுது. எறக்கட்டா?" என்றார் சுமந்தவர்களில் ஒருவர்.

"எறக்காதியலே!"

மீதிக் கம்புகளையும் பிடுங்கினார். படகுக்குப் போய், நீலத் துணி கட்டிய மூங்கில் ஒன்றை எடுத்துவந்து நடுவில் ஊன்றினார்.

"உம்ம துண்டுக்கு இங்கன மதிப்பு கெடையாது. இந்தத் துணி யாருதுன்னு கரை முழுக்கத் தெரியும். எவனும் வரமாட்டான்."

"அப்ப உங்க வலை?"

"அங்கன தள்ளிப் போட்டுக்கிடுதோம். நடந்தா காலு தேஞ்சா போவும்?"

சுமந்து நின்றவர்களின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை!

நல்லது செய்யப் போகிற இடத்தில் நமக்கு முன்பே ஒரு சட்டம் இருக்கிறது. கேட்டுவிட்டுச் செய்தால் என்ன குறைந்துவிடும்?

இந்த ஞாயிறு மறுபடி போனோம். மணலே எழுந்து ஓடுவதுபோல் குஞ்சுகள். ஆசையோடு ஓர் அடி எடுத்து வைத்தேன். தூரத்தில், வலைக்கு நடுவிலிருந்து ஒரு சத்தம்:

"அங்கனயே நில்லும்வே! புள்ளைக ஓடுதுல்லா!"

நின்றோம். அவர் இடம் அல்லவா?