புடவைக்கு மேலே தெரிந்த முகம்

கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு துணிக்கடையில் பத்தொன்பது வருடம் புடவைப் பிரிவில் நின்றேன். எங்கள் ஊர்க் கடைகளில் புடவையை விரித்துக் காட்டினால் மட்டும் போதாது. விற்கிறவன் அதைத் தன் சட்டைக்கும் பேண்டுக்கும் மேலேயே சுற்றி, கொசுவம் வைத்து, முந்தானையைத் தோளில் போட்டுக் கண்ணாடி முன்னால் நிற்க வேண்டும். ஆண்கள்தான் இதைச் செய்வோம்.

நான் கூச்சக்காரன். டீயில் சீனி குறைந்தால்கூடக் கேட்க மாட்டேன். ஆனால் புடவையைச் சுற்றிக்கொண்டால் அந்தக் கூச்சம் போய்விடும். எதிரே பத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தாலும் அவர்கள் பார்ப்பது கரையையும் முந்தானையையும்தான். கழுத்துக்கு மேலே இருப்பவனை யாரும் பார்த்ததில்லை. அதனால்தான் அந்தக் கண்ணாடி முன்னால் நிற்பதில் எனக்கு அத்தனை பிரியம்.

போன வருடத்துக்கு முந்தின வருடம், ஓணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, கடையில் போனில் வீடியோ எடுத்து இன்டர்நெட்டில் போட ஆரம்பித்தார்கள். அதில் நான் பச்சைக் கரை போட்ட புடவையோடு திரும்பித் திரும்பி நிற்பேன். கீழே ஜனங்கள் எழுதியதை எனக்கு அடுத்து நிற்கும் நாகர்கோவில்காரன் வாசித்துச் சொன்னான். என்னைவிடப் பதினைந்து வயது இளையவன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மலையாளம் பேசுவேன், வாசிக்க வராது. இங்கிலீஷில் சட்டை அளவுக்கு உள்ள எழுத்துகள் மட்டும் தெரியும்.

"சாரி கொள்ளாம், நல்லாருக்கு, ஆனா மாமனுக்கு உறக்கம் வருதுன்னு ஒருத்தி எழுதியிருக்கா அண்ணாச்சி. இன்னொருத்தி, கண்ணுக்குக் கீழ தொங்குதே ரெண்டு பை, துணிய அதுல போட்டுத் தருவீங்களான்னு கேக்கா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குரலை உயர்த்தாமல்தான் பேசினார். "அண்ணாச்சி, உள்ளதச் சொல்லுகேன். முகத்துக்கு ஒரு தெளிச்சம் இல்ல. ஓண வியாபாரத்துக்கு முன்ன சரியாகலேன்னா நீங்க கீழ குடோன்ல நின்னா மதி, அது போதும்."

கடை திறக்கும் முன்னால் முதல் தடவையாக அந்தக் கண்ணாடியில் என்னை மட்டும் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே தோல் பலமுறை துவைத்த மல் துணி மாதிரி நைந்து, சின்னச் சின்னக் கொசுவமாக விழுந்திருந்தது. எனக்கு அப்போது ஐம்பத்தொன்று.

நாகர்கோவில்காரன் அதைக் கவனித்திருக்க வேண்டும். இரண்டு நாளில் ஒரு டியூபைக் கொண்டுவந்து கையில் வைத்தான். துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்தது, கண்ணைச் சுற்றிப் போடுவது என்றான். "நல்லா அமுக்கித் தேய்க்கணும், கேட்டீங்களா அண்ணாச்சி. எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

டியூபில் படம் இல்லை. வெறும் இங்கிலீஷ் எழுத்துகள். அவனிடம் வாசிக்கச் சொன்னேன், அவனும் வாசித்துக் காட்டினான்.

மனைவியிடம் சொல்லவில்லை. இந்த வயதில் ஆம்பளை முகத்துக்குக் கிரீம் போடுவதை எப்படிச் சொல்வது? வலியசாலைக்குப் பின்னால் எங்களுக்கு ஒரே அறை, குளிக்க ஒரு குளிமுறி. குளிமுறியில் சோப்புத்தூள் டப்பாவுக்குப் பின்னால் டியூபை ஒளித்து வைத்தேன். தினமும் காலையில் கட்டைவிரலால், துணியில் கறை எடுப்பதுபோல் அழுத்தித் தேய்த்தேன். எரிந்தது. எரிய எரியச் சந்தோஷமாக இருந்தது.

முதல் வாரம் சிவந்தது. அடுத்த வாரம் தோல் உரிந்தது. "உரிஞ்சாத்தான் புதுசு வரும்" என்றான் அவன். அவன் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்ததை நான் பார்த்தேன். எனக்காகச் சந்தோஷப்படுகிறான் என்று நினைத்தேன்.

ஓணக் கொண்டாட்டம் தொடங்கும் அத்தத்தன்று காலை இரண்டு கண்ணும் வீங்கி, கீழே கரி பூசியதுபோல் கறுத்திருந்தது. மேனேஜர் ஒரு பார்வை பார்த்தார். படிக்கட்டைக் கையால் காட்டினார். நான் இறங்கும்போது நாகர்கோவில்காரன் புடவையைச் சுற்றிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றான். கொசுவம் அவனுக்கு நேராக வரவில்லை. ஆனால் முகம் நன்றாக இருந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா டியூபை வாங்கி வாசித்தார். பிறகு குனிந்து என் காலைப் பார்த்தார். "இது குதிகால் வெடிப்புக்கு உள்ளதல்லே? கெட்டித் தோலக் கரைக்கிற மருந்து." படிக்க வந்த பிள்ளைகள் நாலு பேரைக் கூப்பிட்டு என் கண்ணைக் காட்டினார். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். உடம்பிலேயே மெல்லிய தோல் அதுதான், அதில் எண்ணெய்ப் பசை குறைவு, வயதாக ஆக இன்னும் நையும் என்று அவர்களுக்குப் பாடம் சொன்னார். என்னிடம் சொன்னது இவ்வளவுதான். இனித் தேய்க்கவே கூடாது. கழுவினால் துண்டை வைத்து ஒற்ற வேண்டும். தரும் மருந்தை மோதிர விரலால் தொட்டு வைக்க வேண்டும், அந்த விரலுக்குத்தான் பலம் குறைவு. வெயிலில் குடை வேண்டும். முதலில் இருந்த தொங்கல் வயதினால் வந்தது, அதற்கு ஒன்றும் செய்திருக்கவே வேண்டாம்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னேன். அவள் இங்கேயே பிறந்து பத்தாவது வரை படித்தவள். அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும். முத நாளே எடுத்து வாசிச்சேன்."

"பின்னே ஏன் சொல்லல?"

"ஒளிச்சு வச்சிருந்தீங்கல்லா. கடையில எவளுக்காக இந்த மினுக்குன்னு பாத்துட்டு இருந்தேன்."

தோல் உரிந்தபோதும் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை அவளே சொன்னாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. களைந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு வந்தாள்.

டியூபை எறியப் போனேன். அவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

கறுப்பு இன்றுவரை போகவில்லை. குடோனில் ஜன்னல் கிடையாது. மேலே விரித்த புடவைகள் கீழே வரும், மடித்து அனுப்புவேன். கண்ணாடி இல்லாத இடம். காலையில் முகம் கழுவி, துண்டை ஒற்றி, மோதிர விரலால் மருந்து தொட்டு வைத்துவிட்டுப் போகிறேன். 

அந்த ஓணம் முடிந்த வாரம் அவள் அடுப்படியில் உட்கார்ந்து காலை என் பக்கம் நீட்டினாள். பல வருடமாக ரத்தம் கசிந்த குதிகால் வழுவழுவென்று இருந்தது. "பாருங்க, எப்படி இருக்குன்னு" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்து நாளாகியிருந்தது.

எதற்கும் சட்டென்று வார்த்தை வராத எனக்கு அன்று உடனே வந்தது.

"எவனுக்காக?" என்றேன்.

அவள் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.