கிளீட்டஸ் மெக்கானிக்கும் பூனையின் சுகரும்

கடியப்பட்டணம் கரையில் ஒரு மீன்பிடி வள்ளத்தின் எஞ்சின் இருமினால் போதும், "கிளீட்டஸைக் கூப்பிடு" என்றுதான் முதல் சத்தம் எழும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். எஞ்சின் வேலையை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. கழித்துப் போட்ட எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்து, பிரித்து, பூட்டி, மறுபடி பிரித்துத் தானாகவே படித்தார். இன்றைக்குச் சொந்தப் பட்டறை, மாடி வைத்த வீடு. சும்மா வருமா? காதைக் கொடுத்துக் கேட்டாலே கோளாறு எங்கேயென்று சொல்லிவிடுகிற ஆள். அதை அவரே நாலு பேரிடம் சொல்லவும் செய்வார். உள்ளதைச் சொல்ல என்ன வெட்கம்?

அந்தப் பட்டறையில் பழைய எஞ்சின் மூடிக்குள் பிறந்த பூனைதான் பிஸ்டன். மனைவி காலமான பிறகு, கிளீட்டஸ் சாப்பிட உட்கார்ந்தால் எதிரே உட்காருகிற உயிர் அது ஒன்றுதான்.

திடீரென்று பிஸ்டன் வாளித் தண்ணீரை ஓயாமல் குடிக்க ஆரம்பித்தது. தின்பதெல்லாம் எங்கே போகிறதோ, முதுகெலும்பு துருத்தியது. நாகர்கோவிலில் விலங்குகளுக்கு மருத்துவம் பார்க்கும் ரெனிஷா டாக்டரிடம் கூடையில் வைத்துக் கொண்டுபோனார். சர்க்கரை வியாதி என்றார் டாக்டர். காலையும் மாலையும் தீனி கொடுத்து இன்சுலின் போட வேண்டும். காதோரம் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை மீட்டரில் பார்க்க வேண்டும். வேகவைத்த மீன், கோழி, டாக்டர் சொல்லும் டின் தீனி தவிர வேறு எதுவும் வாயில் படக்கூடாது.

"முக்கியமா ஒண்ணு, ஐயா. ஊசி அளவ நீங்களா கூட்டவோ குறைக்கவோ கூடாது. எங்கிட்ட கேக்கணும்."

"டாக்டரம்மா, நாப்பது குதிரை எஞ்சின ஒத்தக் கையில அடக்கினவன் நான்."

"இது எஞ்சின் இல்ல, ஐயா."

ஊர் சும்மா இருக்குமா? வள்ளக்காரன் லிஜின் பட்டறை வாசலில் நின்று சிரித்தான். "என்னவோய் மாமா, பூனைக்குச் சுகராமே? அடுத்து பிரஷரும் வருமோ?"

"உனக்க வள்ளம் நடுக்கடல்ல நிக்கட்டு மக்கா, அப்பத் தெரியும் யாருக்குப் பிரஷர் வருவுன்னு."

வாய் அப்படி; கை வேறு. கிரீஸ் ஏறிக் காய்த்துப்போன அந்த விரல்கள் பிஸ்டனின் காதை மெல்லத் தேய்த்துச் சூடாக்கும். ரத்தம் ஊறிய பிறகே ஊசி முனை தொடும். குத்தியது பூனைக்கே தெரியாது. தோலைக் கூடாரம்போல் தூக்கி இன்சுலின் போடுகிற அழகைப் பார்த்து, டாக்டரே நர்சைக் கூப்பிட்டுக் காட்டினார்.

ஆனால் சுகர் சொன்னபடி கேட்கவில்லை. வாரநாள் சாயங்காலம் பார்த்தால் நானூறுக்கு மேலே நிற்கும். ஞாயிறு மட்டும் ஒழுங்காக இறங்கியிருக்கும். கிளீட்டஸ் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார். ஞாயிறு காலை அவர் மாதா கோயில் பூசைக்குப் போகிறாரே! "நான் பூசை கண்டா பூனைக்குச் சுகர் இறங்குவு" என்று கோயில் வாசலிலேயே அறிவித்துவிட்டார். மற்ற நாட்களுக்கு மாதாவைத் தொந்தரவு செய்வானேன் என்று, டாக்டருக்குச் சொல்லாமல் ஊசியில் ஒரு கோடு கூட்டினார். அப்புறம் இன்னொன்று. எஞ்சினுக்குத் திருகு முறுக்குகிற கை அல்லவா, ஒன்றோடு நிற்கவில்லை.

அடுத்து வந்த ஞாயிறும் கூட்டிய அளவையே போட்டுவிட்டுப் பூசைக்குப் போனார். திரும்பி வந்தபோது பிஸ்டன் குடித்தவனைப்போல் கால் பின்னித் தள்ளாடிக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் திரும்பவில்லை. கண் மட்டும் அகல விரிந்திருந்தது. மீட்டர் முப்பத்தெட்டு என்றது. கடலில் புரண்ட வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய மிதந்தபோதும் பதறாத மனுஷன் சர்க்கரை டப்பாவைத் தேடி அடுக்களைக்கு ஓடினார். சர்க்கரையைத் தண்ணீரில் குழைத்துக்கொண்டே டாக்டருக்குப் போன் போட்டார்.

"தொண்டைக்குள்ள ஊத்தாதீங்க, புரையேறிடும். விரல்ல தொட்டு ஈறுல தடவுங்க. கொஞ்சம் கொஞ்சமா."

தடவினார். மடியில் துணியைப்போல் கிடந்த பிஸ்டன் கடைசியில் அவர் விரலை ஒருமுறை நக்கியது. தலையைத் தூக்கியது. தீனியைக் கொடுத்து, கூடையில் தூக்கிக்கொண்டு நாகர்கோவிலுக்குப் பறந்தார்.

"ஊசி அளவு எவ்வளவு போட்டீங்க?" என்றார் டாக்டர்.

கிளீட்டஸின் குரல் முதன்முறையாக இறங்கியது. "ரெண்டு கோடு கூட்டிட்டேன்."

டாக்டர் நன்றாகத் திட்டினார். கிளீட்டஸ் வாங்கிக்கொண்டார். டாக்டர் பழைய அளவுக்கே இறக்கச் சொல்லிவிட்டு, "மத்த நாள்ல மட்டும் ஏன் ஏறுது? வேற எதாவது தின்னுதா, பாருங்க" என்றார்.

வரும் வழியெல்லாம் அதே யோசனை. எஞ்சின் ஒரு சீராக ஓடாவிட்டால் திருகில் கை வைக்காதே, முதலில் மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறதா பார் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர் அவர்தான். தன் வீட்டுப் பூனை விஷயத்தில் நேரே திருகுக்கே போய்விட்டார்.

மறுநாள் பட்டறைக் கதவைப் பாதி சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார். பக்கத்து வீட்டு இசபெல் மீன் விற்றுவிட்டுத் திரும்பினாள். சற்று நேரத்தில் கையில் தேங்காய்ச் சிரட்டையோடு வெளியே வந்தாள். "மக்கா, பிஸ்டா, வாடே." சிரட்டையில் கஞ்சியும் மசித்த மரவள்ளிக் கிழங்கும், மேலே சாளை மீன் கறியும். பிஸ்டன் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியது.

"ஏட்டி இசபெல்! எடுட்டி அத!"

அவள் அசையவில்லை. "என்ன எடுக்கியது? சீக்குவந்த சீவனுக்கு வெறும் மீன வச்சுட்டு ஊசியக் குத்துறீரே அண்ணா, உமக்கு நெஞ்சில ஈரமில்லியா? எங்க வீட்டுல யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் கஞ்சிதான் குடுப்போம்."

"தினமும் குடுக்கியா?"

"ஞாயித்துக்கிழமை கரையில ஏது மீனு? அன்னைக்கு மட்டும் பாவம் பட்டினி."

ஞாயிறு வள்ளங்கள் கடலுக்குப் போகாது. இசபெல் வீட்டில் மீன்கறி இருக்காது; மீன் இல்லாத கஞ்சியைப் பிஸ்டன் தொடாது. பூசையில் அல்ல, அந்தச் சிரட்டையில் இருந்தது சங்கதி. கிளீட்டஸ் நேற்று நடந்ததைச் சொன்னார். இசபெல் சிரட்டையைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எனக்க மாதாவே! நானா கொல்லப் பார்த்தேன்?"

"நீ சுகர ஏத்தின, நான் ஊசிய ஏத்தினேன். ரெண்டு பேருமாத்தான் கொல்லப் பார்த்தோம். அழாதட்டி. இனிமே நீயே குடு. உப்புப் போடாம வேகவச்ச சாளை, முள் எடுத்து. நான் ஊசி போடப்போற வேளையில மட்டும்."

"ஞாயித்துக்கிழமைக்கு?"

"சனிக்கிழமையே வாங்கி எனக்க பிரிட்ஜில வையி."

அப்புறம் சுகர் சொன்னபடி கேட்டது. பிஸ்டனுக்கு முதுகில் சதை வைத்தது. எஞ்சின் மூடிமேல் தாவி ஏற ஆரம்பித்தது. "பூனைக்குச் சுகர் பார்க்க இந்தக் கரையில என்னை விட்டா ஆளு யாரு?" என்று கிளீட்டஸ் கேட்டால், லிஜின்கூட இப்போது மறுபேச்சுப் பேசுவதில்லை.

ஒருநாள் மீட்டர் கொஞ்சம் கூடுதலாகக் காட்டியது. உடனே போனை எடுத்தார்.

"நீங்களா எதுவும் மாத்தலையே, ஐயா?" என்றார் டாக்டர்.

"கை அரிக்குது டாக்டரம்மா," என்றார் கிளீட்டஸ், பிஸ்டனின் காதைத் தடவிக்கொண்டே. "ஆனா மாத்தல்ல."