நுஸ்கியும் மூன்று லேசர்களும்

வெல்டிங் கோலைத் தகட்டில் வைப்பதற்கு முன் நுஸ்கி ஒருமுறை தலையை வெடுக்கென்று குனிப்பார். நெற்றிக்கு மேல் தூக்கிவிட்டிருக்கும் கவசம் அந்த வேகத்தில் தானாக இறங்கி முகத்தை மூடும். இரண்டு கையும் வேலையில் இருப்பவருக்கு இந்தக் குனிப்புத்தான் காவல். அதன் பிறகே பொறி பறக்கும்.

உட்துறைமுகப் பக்கம் வள்ளங்களின் சுக்கான் திருத்தும் பட்டறை அவருடையது. கவசத்துக்குள்ளே தடித்த மூக்குக்கண்ணாடி, வேர்த்தால் மங்கிவிடும். போன மாதம் அப்படி மங்கலில் ஒட்டிய சுக்கான் கொட்டியாரக் குடா நடுவே கழன்று போனது. மூதூர்க்காரர் இருவர் துடுப்பு வலித்துக் கரை சேர்ந்தார்கள். ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் நுஸ்கி ஆறியிருப்பார்.

"கண்ணாடியோட இனி ஏலாது அண்ணன். ஆரையாவது கடலுக்குக் குடுத்திருவன்," என்றார் என்னிடம்.

ஆகவே கண்ணாடி இல்லாமல் பார்க்க லேசர் சிகிச்சை. கொழும்பில் கண் டொக்டர் மூன்று வகை சொல்லி, யோசித்து வரச் சொல்லியிருந்தார். என் வீட்டு வாசல் கேற்றை ஒட்டக் கொடுக்கப் போன நான், அவர் வாயிலிருந்து அது தவிர வேறு கதை கேட்கவில்லை.

முதலாவதில் கருவிழியின் மேற்படையை ஒரு லேசர் மூடிபோல அறுக்கும். அதைத் திறந்து, இன்னொரு லேசரால் உள்ளே சீர்செய்வார்கள். "அடுத்த நாளே பார்வை தெரியுமாம். ஆனா அந்த மூடி பழையபடி இறுகாதாம். நம்மட தொழில்ல ஒரு கம்பி வந்து கண்ணில அடிச்சா?"

இரண்டாவதில் மூடி இல்லை. லேசர் உள்ளே ஒரு மெல்லிய வில்லையை அறுத்துவிட, டொக்டர் சின்னக் கீறல் வழியாக அதை இழுத்தெடுப்பார். "அறுக்கேக்க மெஷின் கண்ணை உறிஞ்சிப் பிடிச்சிருக்குமாம். பிடி விட்டா அரைவாசியில நிண்டிருமாம். அரைவாசி ஒட்டின சுக்கான் மாதிரி என்ட கண்!"

மூன்றாவது, கருவிழியை லேசரால் மேலாகவே சீவுவது. மூடியும் இல்லை, உறிஞ்சலும் இல்லை. கண் கொஞ்சம் அசைந்தால் கதிரும் கூடவே நகரும். அதிகம் அசைந்தால் நின்றுவிடும். ஆனால் சில நாள் நோவு, பார்வை தெளிய வாரக்கணக்காகும். நோவெல்லாம் நுஸ்கிக்கு ஒரு பொருட்டில்லை. வெல்டிங் வெளிச்சம் பட்டு, கண்ணில் மண் அள்ளிப் போட்டதுபோல் எரிந்து புரண்டவர் அவர். மூன்றாவதுதான் என்று முடிவெடுத்தார்.

போன கிழமை பரிசோதனைக்குப் போனார். முகத்தை நீட்டி நாடியை மெஷினில் வைத்து, பச்சை வெளிச்சத்தையே பார்க்கும்படி தாதி சொன்னாராம். வெளிச்சம் பளிச்சென்றது. கவசம் இறக்கும் பழக்கத்தில் நுஸ்கியின் தலை வெடுக்கென்று குனிந்து நெற்றி மெஷினில் மோதியது. மறுபடி வைத்தார்கள். மறுபடியும் மோதியது.

"மெஷின் நிண்டிரும் எண்டு டொக்டர் சொல்றார். நிக்கிறதுக்கு முந்தி ஒரு நொடி இருக்கும்தானே அண்ணன்? அந்த நொடியில?" கேட்டார். கேற் எப்போது முடியும் என்று கேட்டுப் பேச்சை மாற்றினேன்.

சனிக்கிழமை சத்திரசிகிச்சை. நேற்றுப் பின்னேரம் கேற்றை எடுக்கப் போனபோது, கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாங்குப் பலகையில் மல்லாந்து கிடந்தார். தலை அசையாமல் இருக்கப் பழக்குவதற்காக மனைவி ரிப்கா தலைமாட்டில் நின்று முகத்துக்கு நேரே டோர்ச்சைப் போட்டார். தலை எம்பி, நாடி நெஞ்சில் முட்டியது.

"இஞ்ச பாருங்க, நான்தானே பிடிக்கிறன். என்னத்துக்குப் பயம்?"

இன்னொரு தரம் போட்டார். இன்னொரு தரமும் எம்பியது. ரிப்கா ஆணியில் தொங்கிய கவசத்தை எடுத்துவந்து அவர் கைகளில் கொடுத்தார். நுஸ்கி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"இப்ப போடு புள்ள."

வெளிச்சம் விழுந்தது. கண்கள் அகலத் திறந்திருந்தன, தலை அசையவில்லை. நெஞ்சின் மேல் கவசம் மட்டும் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது.