ஒரு டஜன் முட்டையும் ஒரு மழைக்காட்சியும்

எங்கள் வகுப்பில் முப்பத்தாறு பேர். முப்பத்தைந்து பேருக்கு இயக்குநர் ஆக ஆசை. மிச்சம் இருந்த ஒருத்தி டிங்டிங். ஞானஸ்நானப் பெயர் மரியா கோராசோன் பனாலிகன். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

பிலிப்பைன்ஸில், கேசோன் சிட்டியில் தொடர்பியலும் ஊடகத் தயாரிப்பும் படித்தோம். நாங்கள் நான்கு வருடமும் ஒளி, கோணம், மௌனம் என்று பெரிய வார்த்தைகளாகப் பேசிக்கொண்டிருந்தோம். அவள் தெருவில் படம் எடுக்க அனுமதிக் கடிதம் வாங்கினாள். எல்லோருக்கும் பன்சித் நூடுல்ஸ் பொட்டலம் வந்து சேர்ந்ததா என்று பார்த்தாள். சேவல் கூவி ஒலிப்பதிவைக் கெடுக்கிறது என்றால், சேவலின் சொந்தக்காரரைத் தாஜா பண்ணி இரண்டு தெரு தள்ளிக் கட்ட வைத்தாள். தயாரிப்பு நிர்வாகி என்று திரையில் கடைசியில் ஓடும் பெயர் அவளுடையது. அதற்குள் எல்லோரும் எழுந்து போயிருப்பார்கள்.

படப்பிடிப்புக்கு முந்தின சாயங்காலம் தவறாமல் கிளாரா கன்னியர் மடத்துக்கு ஒரு டஜன் முட்டை கொண்டுபோவாள். முட்டை போனால் கன்னியர்கள் வேண்டிக்கொள்வார்கள், மழை வராது. எங்கள் ஊர்க் கல்யாணக்காரர்களும் அதைத்தான் செய்கிறார்கள். நான்கு வருடத்தில் எங்கள் காமிராமேல் ஒரு சொட்டு விழுந்ததில்லை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் முட்டை போயிற்றா என்று கேட்காமல் ஒருநாளும் தூங்கப் போனதில்லை.

கடைசி வருடத்து ஆய்வுப் படத்தை நானும் அவளும் சேர்ந்து எடுத்தோம். நான் இயக்கம், மற்றதெல்லாம் அவள். படம் தேறினால் இருவருக்கும் பட்டம், இல்லாவிட்டால் இன்னொரு வருடம். எனக்கு அது பெரிதில்லை, என் வீட்டில் யாரும் என்னிடம் எதையும் எதிர்பார்த்ததில்லை. அவள் அப்பா மாங் எர்னிங், ட்ரைசிக்கிள் என்ற வாடகை வண்டி ஓட்டுபவர், மூன்று மாதம் முன்பே தெருமுனையில் ஃபிளெக்ஸ் கட்டிவிட்டார். ஆள் உயரத்துக்கு டிங்டிங்கின் முகம், தலையில் பட்டதாரித் தொப்பி, கீழே வாழ்த்து. படம் தேறாவிட்டால் அந்தச் சிரிப்புக்குக் கீழே நடந்துதான் அவள் மறுபடியும் வகுப்புக்குப் போக வேண்டும்.

கடைசிக் காட்சியில் ஒரு கப்பல்காரன் மூன்று வருடம் கழித்து வீட்டுக்கு வருகிறான். கதவைத் தட்டாமல் கொட்டும் மழையில் நிற்கிறான். நடித்தவர் டிங்டிங்கின் சித்தப்பா ருடி, நிஜமாகவே கப்பல்காரர். படப்பிடிப்புக்கு மறுநாளே கப்பல் ஏறுகிறார், அதனால் எங்களுக்கு ஒரே ஒரு நாள். ஜூன் மாதம், ஐந்து நாளாக வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. அன்றைக்கு மட்டும் முட்டையைப் பற்றிக் கேட்காமல் நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் சுள்ளென்று வெயில். அவள் தெருவுக்கு ஓடினேன். வீட்டுக்கு வீடு துணி காயப் போட்டிருந்தார்கள். டிங்டிங் வாசற்படியில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தாள்.

"டைரக்டரே, அடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

"என்னடி பண்ணித் தொலைச்ச?"

"பழக்க தோஷம்டி. நேத்து சாயங்காலம் கால் தானா மடத்துக்குப் போயிடுச்சு."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைக் கண்ணால் பார்த்தேன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, முடிந்ததா, கிளம்பு, முட்டையைத் திருப்பிக் கேட்போம் என்றாள்.

கேட்கவும் செய்தாள். மடத்துச் சன்னலில் இருந்த சிஸ்டர், முட்டையெல்லாம் காலையிலேயே புட்டிங் ஆகிவிட்டது என்றார். சரி, மழை வர வேண்டும் என்று மாற்றி வேண்டிக்கொள்ள முடியுமா என்று டிங்டிங் கெஞ்சினாள்.

"இதுவரைக்கும் யாரும் அப்படிக் கேட்டதில்லம்மா. அதோட இன்னிக்கு ஒரு கல்யாணம் வேற. அவங்க மூணு டஜன் குடுத்திருக்காங்க."

முப்பத்தாறு முட்டையை எதிர்த்து நாங்கள் என்ன செய்ய முடியும்? திரும்பினோம். டிங்டிங் தெருமுனையில் நின்று தன் ஃபிளெக்ஸை அண்ணாந்து பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் நீள அகலத்தை அளந்துகொண்டிருந்தாள்.

"ரெண்டு கூரைக்கும் நடுவுல கட்டினா சரியா இருக்கும். ஓட்டை போடணும்" என்றாள்.

மாங் எர்னிங் ட்ரைசிக்கிளை விட்டு இறங்கி வந்து, ஃபிளெக்ஸ் கட்டிய கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். ஊரெல்லாம் பார்த்துவிட்ட மூஞ்சியில் ஓட்டை போடுவதா என்று கேட்டார்.

"அப்பா, மூஞ்சிதான் மேல தொங்குது. பட்டம் இன்னும் வரல" என்றாள்.

அவர் கம்பத்தை விட்டார். பிறகு உள்ளே போய் ஐஸ் உடைக்கும் ஊசியைக் கொண்டுவந்து கொடுத்தார். நெற்றி, கன்னம், பல் என்று எதையும் விடாமல் அவளே குத்தினாள். ஒரு மணி நேரத்தில் ஃபிளெக்ஸ் சல்லடை ஆயிற்று. மூன்று மணிக்குமேல் எதிர் மாடி வெயிலை மறைத்தது. சந்துக்குக் குறுக்கே, இரண்டு தகரக் கூரைகளுக்கும் நடுவில் அதைக் கட்டினார்கள். முடிதிருத்தும் கடைக்காரர், சலவைக்காரி, கூடைப்பந்துக் கூட்டம் என்று தெருவே கூரைமேல் ஏறி அதன்மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றியது. கீழே ருடி சித்தப்பா கதவைப் பார்த்தபடி நனைந்தார். காமிராவில் பார்த்தால் அசல் மழை. மேலே தன் மூஞ்சியில் தானே தண்ணீர் ஊற்றிக்கொண்டு, அடுத்த வாளிக்குக் கத்திக்கொண்டிருந்தாள் டிங்டிங். காலையில் அவளைத் திட்டியது வெட்கமாக இருந்தது. அன்றைக்குச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

படத்தைப் பார்த்த மூன்று பேராசிரியர்களில் ஒருவர் என் கோணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மழை பிரமாதம், எந்த நேரத்தில் எடுத்தீர்கள் என்று கேட்டார். "நல்ல வெயில்ல சார்" என்றாள் டிங்டிங். தேறிவிட்டோம்.

அன்று சாயங்காலம் அவள் தெருவுக்குப் போனேன். மாங் எர்னிங் ஏணியில் நின்று அதே ஃபிளெக்ஸை மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். முகம் முழுக்க ஓட்டை, பல்வரிசையில் இரண்டு காணோம். புதிதாக ஒன்று அடித்துவிடலாமே என்று கேட்டேன். அவர் கயிற்றை இறுக்கிக்கொண்டே பதில் சொன்னார்.

"முன்னாடி கட்டினது என் ஆசைக்கும்மா. இப்ப இருக்கறதுதான் படிச்சு முடிச்ச மூஞ்சி."