முனை மழுங்கிய மூன்றாவது கத்தி

ஒரே பெயர், ஒரே பெட்டி, ஒரே சிவப்புக் கைப்பிடி என்றால் உள்ளே மடங்கிக் கிடக்கும் கத்தியும் அதே கத்திதான் என்று நம்புகிற ஆளா நீங்கள்? நானும் அப்படித்தான் இருந்தேன். கடையில் பிரித்துக்கூடப் பார்க்காமல் வாங்கி ஜீன்ஸ் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்த ஜென்மம் நான்.

முதலில் கதவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கத்தி புரியாது. டெல்லி முனிர்காவில் நானும் ஒரு தூத்துக்குடிக்காரனும் ஓர் அறையில் இருக்கிறோம். எங்களுக்கு மேலே மொட்டை மாடிதான். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது, ஒரு கொக்கி மட்டும். நிலையில் அடித்திருக்கும் வளையத்தில் அதை மாட்டிவிட்டால் சரி. அந்தக் கொக்கிக்கு ஹிந்தியில் என்ன பெயர் என்று வீட்டுக்காரர் முதல் நாள் சொன்னபோது நாங்கள் இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம். தமிழில் அதை அச்சடிக்க முடியாது.

மழையில் ஊறி வெயிலில் காய்ந்து கதவுக்கும் நிலைக்கும் நடுவில் ஓர் இடுக்கு விழுந்திருந்தது. வெளியிலிருந்து அதில் கத்தி முனையை விட்டு மேல்நோக்கி ஒரு தட்டு தட்டினால் கொக்கி கழன்றுவிடும். நண்பன் தூங்கினால் பக்கத்தில் பேண்டு வாத்தியம் வாசித்தாலும் எழுந்திருக்க மாட்டான். அதனால் தட்டிக் கூப்பிடும் பழக்கத்தையே நான் விட்டுவிட்டேன். என் கத்திதான் என் சாவி.

முதல் கத்தி பாலிகா பஜாரில் வாங்கியது. செம அழகு. முனை மேல்நோக்கி லேசாக வளைந்து ஊசி போல முடியும். கூர்ப் பக்கத்தை மட்டுமல்ல, நுனிக்கு அருகில் முதுகுப் பக்கத்தையும் சீவிவிட்டிருப்பார்கள். போகப் போக இலை மாதிரி மெலிசு. மண்ணெண்ணெய் டின் மூடியை நெம்பப் போய் அந்த நுனி பட்டென்று ஒடிந்தது. அதே கடையில் வாங்கிய இரண்டாவது கத்தியில் நுனி கொஞ்சம் கீழே இறங்கி நடுவுக்கு வந்திருந்தது, சற்றுத் தடிமனாகவும். இடுக்கில் விட்டு ஆட்டினால் நுழைந்துவிடும். ஏதோ கை பிசகிச் செய்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அதை ஊருக்குப் போகும் ரயிலில் ஆப்பிள் நறுக்கிவிட்டு இருக்கையிலேயே விட்டுவிட்டேன். மூன்றாவதை இந்தக் குளிர்காலத்தில் அங்கேயே வாங்கினேன்.

அன்று காலை ஒரு சான்றிதழ் நகலில் கையெழுத்து வாங்க, ஊர்க்கார அதிகாரி ஒருவரைத் தேடி லோதி ரோடு போயிருந்தேன். நண்பன் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைக்குள் சுருண்டு கிடந்தான். திரும்பி வரும்போது மதியம் ஆகியும் பனிமூட்டம் விலகவில்லை. கதவு உள்ளே மாட்டியிருந்தது. ஸ்டைலாகப் புதுக் கத்தியை முதல்முறையாக எடுத்தேன். கட்டைவிரலால் ஒரு தள்ளு, திறந்தது. இடுக்கில் விட்டேன்.

போகவில்லை.

திரும்ப விட்டேன். போகவில்லை. அப்போதுதான் முனையைப் பார்த்தேன். முனையே இல்லை! முதுகு நேராக வந்து கடைசியில் ஆட்டுக் குளம்பு மாதிரி வளைந்து இறங்கிக் கூர்ப் பக்கத்தோடு சேர்ந்திருந்தது. கடைசி வரை ஒரே தடிமன். குத்த முடியாது, நெம்ப முடியாது, எதற்குள்ளும் நுழையாது.

"டேய், தெறடா! கை வெறச்சுப் போச்சு!"

அவன் தூக்கம் தெரிந்ததுதானே. கத்தி செய்தவனை வாயில் வந்தபடி திட்டிக்கொண்டே கதவை உதைத்தேன். உதைத்த சத்தத்தில் கீழே இருந்து வீட்டுக்கார ஆன்ட்டி படியேறி வந்தார்.

"பேட்டா, மேரி அங்கீட்டி தும் லோக் லே ஆயே க்யா?"

அங்கீட்டி என்பது கரி போட்டுக் குளிர் காயும் இரும்பு வாளி. நீங்களா எடுத்து வந்தீர்கள் என்று கேட்கிறார். நான் இல்லை என்று தலையாட்டினேன். பாதி ஆட்டும்போதே தலை நின்றுவிட்டது. ஆன்ட்டி கதவைப் பார்த்தார். குனிந்து அடியில் பார்த்தார். உள்ளேயிருந்து ஒரு லுங்கியைச் சுருட்டிக் கதவின் அடி இடுக்கை அடைத்திருந்தான். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

"ஹாய் ராம்! அந்தர் ஹை வோ? தர்வாஸா பந்த் கர்கே?"

கரியோடு கதவை அடைத்துக்கொண்டு உள்ளேயா இருக்கிறான் என்கிறார். மறுபடி கத்தியை இடுக்கில் வைத்து உள்ளங்கையால் அடித்தேன். மரம்தான் சிராய் சிராயாகப் பெயர்ந்தது. கத்தி வழுக்கி, மடங்கி, என் விரலைக் கடித்தது. பெயரைச் சொல்லிக் கத்தினேன், கெட்ட வார்த்தையில் கத்தினேன், "தயவுசெஞ்சு தெறடா" என்று அழுதேன். எங்கேயோ ஒரு பிரஷர் குக்கர் விசிலடித்துக்கொண்டிருந்தது.

ஆன்ட்டி போட்ட கூச்சலில் வீட்டுக்காரர் கைப்பம்பின் இரும்புப் பிடியைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தார். ஆறடி ஜாட் மனிதர், அந்தச் சந்து முழுக்க அவரைத் தாவூஜி, அதாவது பெரியப்பா, என்றுதான் கூப்பிடும். "ஹட்!" என்று என்னை ஒரு தள்ளு தள்ளிவிட்டு, கதவுக்கு மேலிருந்த கண்ணாடியை உடைத்தார். பிறகு கதவில் இரண்டு மிதி. கொக்கி தெறித்து எதிர்ச் சுவரில் போய் விழுந்தது.

உள்ளே புகையே இல்லை. வாளியில் கரி அழகாக, அமைதியாகச் சிவந்திருந்தது. நண்பன் ரஜாய்க்குள் படுத்திருந்தான். அவன் நல்ல கறுப்பு. உதடும் நகமும் மட்டும் அன்று ரோஜா நிறத்தில் இருந்தன. ஆரோக்கியமாகத் தெரிந்தான், அதுதான் என்னை உலுக்கியது. தாவூஜி அவனை மூட்டை மாதிரி தோளில் போட்டு மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனார். பனியில் படுக்க வைத்துக் கன்னத்தில் அறைந்தார். நான் அவன் காலைப் பிடித்துக்கொண்டு எந்தச் சாமியையெல்லாமோ கூப்பிட்டேன். வெகு நேரம் கழித்து ஓங்கரித்தான். வாந்தி எடுத்தான். ஒரு கண்ணைத் திறந்தான்.

"ஏல... கதவச் சாத்துல. குளுருது."

எனக்கு அவனை அங்கேயே மிதிக்கலாம் போல இருந்தது.

ஆட்டோவில் அள்ளிப் போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆக்சிஜன் மாட்டிய மலையாளி நர்ஸ் சேச்சி அரைத் தமிழில் என்னைக் கிழித்தார்.

"கரி ஒள்ளே வெச்சு கதவு அடைக்குமோ? குறச்சு லேட்டாயிருந்தா போயி. மனசிலாயோ?"

"சேச்சி, புகையே இல்ல சேச்சி," என்று முகமூடிக்குள்ளிருந்து நண்பன் முனகினான். "புகை போற வரைக்கும் மாடியிலதான் வச்சிருந்தேன். பொறவுதான் உள்ள கொண்டாந்தேன்."

அதுதான் விஷயம். டெல்லிக்காரர்கள் எவ்வளவு குளிரிலும் கதவை ஒரு விரல் அளவு திறந்துவைத்துத்தான் அங்கீட்டி பக்கத்தில் உட்காருவார்கள். எங்கள் ஊரில் தீயை அறைக்குள் கொண்டுவந்து யாரும் குளிர் காய்ந்ததில்லை, தெரிந்திருக்க வழியே இல்லை. எங்களுக்குத் தெரிந்த தீயில் புகைதான் ஆபத்து; புகை அடங்கிய கரியும் கண்ணுக்குத் தெரியாமல் விஷவாயுவைக் கக்கும், உதட்டை ரோஜா நிறமாக்கியதும் அதுதான் என்பது சேச்சி சொல்லித்தான் தெரிந்தது. ஜன்னல் இடுக்கிலெல்லாம் பழைய பேப்பர் திணித்ததும் நாங்கள்தான். இரண்டு பேரும் சேர்ந்து, சிரித்துக்கொண்டே.

அவன் வார்டிலிருந்து வந்த பிறகு நான் கத்தியோடு பாலிகா பஜார் போனேன். கடைக்காரர் முன்னால் அதை வீசினேன்.

"பையா, முனை எங்கே? பெட்டி மேலே ஏன் போடலே?" ஹிந்தியில்தான் கேட்டேன், பாதி தமிழ் வந்துவிட்டது.

அவர் அசரவில்லை. எல்லோரும் டின் திறக்கிறேன், கதவு நெம்புகிறேன் என்று நுனியை ஒடித்துக்கொண்டு வந்து தன்னைத்தான் திட்டுவார்களாம். அதனால் ஒவ்வொரு சரக்கிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தடிமனாக்கி, கடைசியில் முனையையே எடுத்துவிட்டார்களாம். "அப் நஹீன் டூட்டேகி," என்றார் பெருமையாக. இனி ஒடியாதாம்.

எங்கோ ஒரு பட்டறையில் யாரோ ஒருவன், என்னைப் போன்ற ஆட்களின் கையைப் பார்த்து, ஒரு மெல்லிய நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக மழுக்கிக்கொண்டே வந்திருக்கிறான். அது எனக்குத் தெரியாது. அந்த நுனிக்கு அந்தப் பக்கம் என் நண்பன் படுத்திருந்தது அவனுக்கும் தெரியாது. இதில் யாரைப் பிடித்துச் சட்டையை உலுக்குவது?

இப்போது காலை ஏழரை மணி. நண்பன் அறைக் கதவைத் திறந்துபோட்டுவிட்டு மொட்டை மாடியில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருக்கிறான்.