ஒரே சட்டியில் இரண்டு முள்கரண்டிகள்

பரிமாறும் கரண்டி பாத்திரத்தில்தான் இருக்க வேண்டும். ஒருவர் வாயில் வைத்தது எதுவும் பொதுப் பாத்திரத்துக்குள் திரும்பிப் போகக் கூடாது. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் அடுக்களையைச் சோதித்துக் கையெழுத்திடுவது என் வேலையாக இருந்தது. ஓய்வு பெறும் நாள்வரை எந்தக் கப்பலில் ஏறினாலும் நான் முதலில் பார்த்தது இதைத்தான். எங்கள் ராயபுரத்தில் இதற்குச் சட்டப் புத்தகம் தேவையில்லை, எச்சில் என்ற ஒரு சொல் போதும். சுவிட்சர்லாந்துக்காரர்கள் உமிழ்நீருக்குச் சொல் வைத்திருக்கிறார்கள். அது பட்ட பண்டத்துக்கு நேரும் கதிக்குச் சொல் வைக்கவில்லை.

பெர்ன் நகரத்தில் மகன் சார்லஸின் வீட்டில், பேத்தியோடு இருக்கிறோம். எங்கள் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. நீட்டிக்கச் சொல்லி விண்ணப்பிப்பதா, ஊருக்கே திரும்பிவிடுவதா என்று கேட்டுக் கேட்டு அவன் அலுத்துவிட்டான். நான் திரும்புவதென்று எப்போதோ முடிவு செய்தாயிற்று. என் மனைவி ஸ்டெல்லாதான் வாயைத் திறக்கவில்லை. அதனால் எங்கள் திருமண நாளன்று ஓர் உணவகத்தில் மேசை பதிவு செய்து, "ரெண்டு பேரும் தனியா போய்ப் பேசி, ஒரு முடிவோட வாங்கப்பா" என்று அனுப்பி வைத்தான்.

உள்ளே மெழுகுவர்த்தி வெளிச்சம். சுற்றிலும் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு மேசையின் நடுவிலும் ஓர் அடுப்பு, அதன் மேல் ஒரு சட்டி. அதில் பாலாடைக்கட்டியை வெள்ளை வைனில் உருக்கிக் கொதிக்க விட்டிருந்தார்கள். ஃபோண்டூ என்று பெயர். மழையில் நனைந்த காலுறையைத் திரிந்த பாலில் ஊறப்போட்டது போல ஒரு வீச்சம். நாற்றத்துக்குப் பயப்படுகிற ஆள் இல்லை நான். விடியற்காலைக் காசிமேட்டையும், காற்று திரும்பும் நாளில் எண்ணூரையும் மூக்கால் அறிந்தவன். ஆனால் அந்த நாற்றங்களை யாரும் ரொட்டியில் தொட்டு என் வாயில் வைக்கச் சொன்னதில்லை. போன மாதம் ஸ்டெல்லா இங்கே இரண்டே இரண்டு நெத்திலிக் கருவாடு வறுத்தாள். மாடிவீட்டு அம்மையார் இறங்கி வந்து, சாக்கடை அடைத்துக்கொண்டதா, ஆளை அழைக்கட்டுமா என்று மிகுந்த பரிவோடு விசாரித்தார். அதே அம்மையார் வீட்டிலிருந்து ஞாயிறுதோறும் இந்தக் காலுறை வாசம் இறங்கி வரும். அதற்கு யாரும் ஆளை அழைப்பதில்லை.

முறை இதுதான். நீண்ட முள்கரண்டியில் ரொட்டித் துண்டைக் குத்தி, சட்டிக்குள் விட்டுக் கிளறி, வாயில் வைத்து இழுத்துவிட்டு, அதே கரண்டியை மறுபடி சட்டிக்குள் விட வேண்டும். பக்கத்து மேசையில் ஓர் இளைஞன் கரண்டியை நன்றாகச் சப்பிவிட்டுச் சட்டிக்குள் விட்டான். அவனுடைய காதலி அதே சட்டியில் தொட்டுச் சாப்பிட்டுப் புன்னகைத்தாள்.

பரிசாரகனை அழைத்து, எங்களுக்குத் தனித்தனிச் சட்டி கிடைக்குமா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவன் என்னைப் பார்த்தான். ஸ்டெல்லாவைப் பார்த்தான். முகம் வாடிப்போய், குரலைத் தாழ்த்தி, "புரிகிறது ஐயா" என்றான். போனவன் சட்டிக்குப் பதிலாக இன்னொரு மெழுகுவர்த்தியைக் கொண்டு வந்து எங்கள் நடுவில் ஏற்றி வைத்தான். நாங்கள் சண்டை போட்டுக்கொண்டு வந்திருப்பதாக நினைத்துவிட்டான்.

ஸ்டெல்லா அதற்குள் நாலு துண்டு தின்றிருந்தாள். "இன்னாய்யா, பேதிக்குக் குடுத்த மாரி மூஞ்ச வச்சிகினு கீற? துன்னு."

"இது மனுஷன் தின்கிற முறையா?"

"எங்க நைனா லாஞ்சுல இப்டிதான். கடலுக்குப் போனா ஒரே தாம்பாளம், சுத்தி ஒம்போது கை. மீன் கொழம்ப நடுவுல ஊத்தி அல்லாரும் பெசஞ்சி துன்னுவாங்க. ஒருத்தனுக்காவது பேதி புடுங்கிச்சா?"

அவள் காசிமேட்டில் விசைப்படகு ஓட்டியவரின் மகள். நான் தண்ணீரைக்கூட உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கும் வீட்டில் வளர்ந்தவன். கல்யாணமான நாளிலிருந்து என் தம்ளர் வேறு, அவள் தம்ளர் வேறு.

வந்த காரியத்தை நினைவூட்டினேன். "ஸ்டெல்லா, ஊருக்குப் போயிடலாம் இல்ல? பையனுக்கு என்ன சொல்றது?"

அவள் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து அவள் கரண்டியிலிருந்த ரொட்டி சட்டிக்குள் விழுந்தது. எங்கிருந்தோ பரிசாரகன் கைதட்டிக்கொண்டு ஓடி வந்தான். ரொட்டியைத் தவற விட்டவர் பக்கத்திலிருப்பவரை முத்தமிட வேண்டுமாம்! எங்கள் ஊடலைத் தீர்த்துவைக்கக் கர்த்தரே அனுப்பிய சந்தர்ப்பம் என்பது போல அவன் நின்றான். சுற்று மேசைகளும் திரும்பின. ஸ்டெல்லா சிரித்துக்கொண்டே எட்டி என் கன்னத்தில் முத்தமிட்டாள். சூடாக, பிசுபிசுவென்று, ஒரு நூலிழைப் பாலாடைக்கட்டியோடு.

நான் கைத்துண்டை எடுத்துத் துடைத்தேன். கை தானாகப் போனது. அவள் அதைப் பார்த்தாள். சட்டியின் அடியில் தீய்ந்து ஒட்டியிருந்ததைச் சுரண்டித் தின்று முடித்து, கோட்டை மாட்டிக்கொண்டாள்.

கோட்டை மறுநாளிலிருந்து பால்கனியில் தொங்கவிட்டோம். வாசம் போகவில்லை. கிறிஸ்துமஸ் வந்து போனது, பதில் வரவில்லை. விண்ணப்பம் கொடுக்கக் கெடு நெருங்க நெருங்க சார்லஸ் என்னைத்தான் முறைத்தான்.

குழந்தை ஏசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் திருநாளன்று பூசைக்குப் போய் வந்து, ஸ்டெல்லா தனக்கு மட்டும் டீ போட்டாள். பாதி குடித்துவிட்டு, தம்ளரை என் பக்கம் நகர்த்தினாள்.

"குடி. சொல்றேன்."

"நீ வாய் வச்சது."

"ஆமா. அதுக்குதான் குடின்றேன்."

குடித்தேன். ஆறிப்போயிருந்தது. விளிம்பில் அவள் உதடு பட்ட இடம் எதுவென்று எனக்குத் தெரிந்தது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் துடைக்கவில்லை.

"டிக்கெட் போடு" என்றாள். "ரிட்டனும் சேத்துப் போடு. அந்தக் காயிதத்தயும் எய்திக் குடுத்துடு. அங்கியே கெடந்தா பேத்திய நெனச்சிகினு கெடப்பேன், இங்கியே கெடந்தா காசிமேட்ட நெனச்சிகினு கெடப்பேன். ரெண்டு சட்டிலயும் தொட்டுக்கறேன், போ."

அன்றே இரண்டையும் செய்தேன். ராயபுரத்துக்குப் போகும் பெட்டியில் பாலாடைக்கட்டி வீச்சம் போகாத கோட்டு மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. திரும்பும்போது அதே பெட்டியில், அதே கோட்டுக்குள் சுற்றிக் கருவாடு வரும் என்று சொல்லியிருக்கிறாள். பழைய வேலைப் பழக்கத்தில் தேதியையும் குறித்து வைக்கிறேன்: ஸ்டெல்லாவிடமிருந்து பதில் வந்தது, ஜனவரி ஆறு.