கமராவுக்குப் போட்ட துவாய்

போன ஆவணி மாதம், உடுவிலில் என் வீட்டில் நடந்த சங்கதி இது. மனைவி காலமான பிறகு நான் தனியாள். கனடாவில் இருக்கும் என் ஒரே மகள், விடுமுறையில் வந்து நின்றபோது ஹோல் சுவரில் ஒரு கமராவைப் பூட்டிவிட்டுப் போனாள். அங்கிருந்தபடியே கைபேசியில் என்னைப் பார்ப்பாள். "அப்பா, இன்னும் சாப்பிடேல்லையோ?" என்று கேட்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று பின்னேரம் அலுமாரியைத் துடைத்தபோது பழைய ஆங்கில நாவல் ஒன்று கைக்கு வந்தது. மக்களை வீட்டுக்குள்ளேயும் விடாமல் வேவு பார்க்கும் ஓர் அரசாங்கத்தைப் பற்றிய கதை. பதினெட்டு வயதில் சோதனைக்காக வாசித்தது. அப்போது காதல் வரும் பக்கங்களைத் தவிர மற்றதையெல்லாம் தள்ளிவிட்டிருந்தேன். இந்தத் தடவை பத்துப் பக்கம் போகவில்லை, உடம்பு கூசியது. நிமிர்ந்து பார்த்தால் சுவரில் கமரா! விட்டேனா? கதிரையில் ஏறி அதன் தலையில் ஒரு குளியல் துவாயைப் போட்டேன். கைபேசியின் சத்தத்தை நிறுத்தி, கேற்றைப் பூட்டிவிட்டு, பின்வளவு மாமரத்தடியில் ராசா மாதிரி இருந்து வாசித்தேன்.

ஒரு மணித்தியாலம் போயிருக்கும். முன்பக்கம் தொம்மென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், அடுத்த வீட்டு ஓட்டோக்காரத் தம்பி மதில் பாய்ந்து வந்து முழங்காலைத் தடவிக்கொண்டு நிற்கிறார். கேற்றுக்கு வெளியே, குறுகலான எங்கள் ஒழுங்கையில், முன்வீட்டு ரீச்சரும் அதே தெருவில் இருக்கும் இன்னும் நாலைந்து பேரும். ஒருவர் கையில், கதவை உடைக்க அலவாங்கு வேறு.

"அண்ணை, இருக்கிறியளோ?" என்றார் தம்பி.

"இருக்கிறன். ஏன், என்ன நடந்தது?"

கனடாவில் அப்போதுதான் விடிந்திருந்தது; எழும்பிய மகள் கமராவைப் பார்த்திருக்கிறாள். ஒரே இருட்டு. பத்துத் தரம் அழைத்தும் நான் எடுக்கவில்லை. எனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று அயலுக்கெல்லாம் அழுதழுது கோல் எடுத்திருக்கிறாள். தம்பி தன் கைபேசியில் அவளை வீடியோவில் அழைத்துத் தந்தார். என் முகத்தைக் கண்டதும் விக்கி விக்கி அழுதாள்.

"புத்தகம் வாசிக்கிறதுக்கு ஏனப்பா கமராவை மூடினனீங்கள்?"

கதையைச் சொன்னால்தானே விளங்கும்! சொல்லத் தொடங்கினேன். கேற்றைத் திறந்ததும் உள்ளே வந்த அயலாரும் கதிரைகளை இழுத்துப் போட்டு இருந்துவிட்டார்கள். யாரோ தேத்தண்ணி ஊற்றினார்கள். "உந்த அரசாங்கத்துக்குக் கமரா என்னத்துக்கு? எங்கடை ஒழுங்கை எண்டால் என்னைக் கேட்டிருக்கலாமே, எல்லாம் சொல்லியிருப்பன்" என்று ரீச்சர் சொல்ல, மகள்கூட அழுகையை விட்டுச் சிரித்தாள்.

சிரித்து முடித்து மெதுவாகச் சொன்னாள். "நீங்களாய் ஒரு நாளும் எடுத்துக் கதைக்கிறேல்லை அப்பா. அதுதான் கமராவைப் பூட்டினனான்."

உண்மைதான். அவள் எடுத்தால் கதைப்பேன். நானாக எடுத்ததே இல்லை. மறுநாள் முதல் நானே எடுக்கிறேன். முதல் கிழமை முழுக்க என்ன கதைப்பதென்று தெரியாமல், அந்த நாவலைத்தான் அத்தியாயம் அத்தியாயமாகச் சொன்னேன். கமராவைக் கழற்றச் சொன்னதும் அவள்தான்.

நாவலை முடித்த அன்று ஒன்று விளங்கியது. அதன் நாயகனை எத்தனையோ கண்கள் பார்த்தன, ஆனால் அவனுக்கு என்ன ஆயிற்றோ என்று பதற ஒருவரும் இருக்கவில்லை. எனக்கோ ஓர் ஒழுங்கையே பதறியது என்று நினைக்கும்போதெல்லாம், இந்த அறுபத்தாறு வயதிலும் சந்தோஷத்தில் கண் கலங்கிவிடுகிறது.